எட்மண்ட் சொன்னது

ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டில் ஞானசௌந்தரியைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போய் நிற்பாள். பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்கால் போட்டுவிடுவாள். அவளிடம் இருந்த ஒரே குறை, எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. சந்தோஷமோ துக்கமோ, வந்த சூட்டோடு செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லி இறக்கினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ‘ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க’ என்று பாஸ்டரம்மா வாயை மூடுவதற்குள் அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றிருப்பாள்.

இதெல்லாம் எண்பத்தாறு வரைக்கும். அதற்குப் பிறகு அவளும் கூட்டத்துக்குப் போனாள், வந்தாள், எழுந்து நிற்கவில்லை.

தொண்ணூற்று நாலில், பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம், பக்கத்து வீட்டுச் சாராள் ஒரு சேதியோடு வந்தாள்.

“அக்கா, கெங்கம்மா மவன் செங்கல்வராயன் இல்ல, சினிமாவுல சேந்துட்டான்னு சொல்லிகினு இருந்தாங்களே, அவன் படம் எடுத்துட்டானாம். ‘நாலாவது பெட்டி’ன்னு பேரு. அம்பத்தூர்ல ஓடுது.”

“ஓடட்டும். நமக்கு இன்னா அதுல?”

“ஸ்கூல் பசங்க கதையாம் அக்கா. ஆவடியிலேருந்து ரயில்ல போறவனுங்க. அதுல ஒரு பையன் நம்ம எட்மண்ட் மாதிரியே கீறானாம். ஜெபக்கூட்டம்கூட வருதாம்.”

“நீ பாத்தியா?”

“சேச்சே, நான் எங்க சினிமாவுக்குப் போவப்போறேன். பாத்தவங்க சொன்னாங்க” என்றாள் சாராள். அவள் கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. முந்தின நாள் மத்தியான ஆட்டத்துக்குத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தவள் அவள். ஞானசௌந்தரிக்கு அது தெரியாமல் இல்லை, கேட்கவில்லை.

எட்மண்ட் அவளுடைய ஒரே பிள்ளை. எண்பத்தாறில் அவனுக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. மீசை அரும்பிவிட்டது, கோயில் பாடகர் குழுவில் குரல் உடைந்து ஆண்கள் வரிசைக்குப் போய்விட்டான். ஆனால் படுக்கையை நனைக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. தானாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிவதற்கு முன் எழுந்து பாயைக் கழுவி, துப்பட்டியை அலசிப் பின்பக்கக் கொடியில் போட்டுவிடுவான். அம்மாவிடம் அவன் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா.”

“சொல்லுவனாடா” என்றாள் அவள். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

தசரா லீவில் வாலிபர் முகாம் நடக்கும் என்று கோயிலில் அறிவித்தார்கள். ஊர்ப் பையன்களோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டும். வரமாட்டேன் என்று அழுதான் எட்மண்ட். மீசை முளைத்த பிள்ளை அழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டாக்டரால் ஆகாதது கர்த்தரால் ஆகும். ஆனால் ஒருத்தி கேட்டால் போதாது, பத்துப் பேர் ஒருமனப்பட்டுக் கேட்டால்தான் அவர் இறங்குவார் என்பது அவள் நம்பிக்கை. அந்தச் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்று மகன் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், வியாதியையும் சொன்னாள். கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள். அந்த அழுகையில் ஒரு பொட்டுக்கூட நடிப்புக் கிடையாது. சாராள் ஒரு படி மேலே போய், அன்றைய குடும்ப ஜெபத்தில் தன் மகனையும் முழங்காலில் நிறுத்தி, ‘எட்மண்டுக்காக நீயும் ஒரு வார்த்தை கேளுடா’ என்று விவரம் சொல்லிக் கேட்க வைத்தாள். பையன் பக்தியோடு கேட்டான். மறுநாள் காலை ரயிலில் பையன்களிடமும் சொன்னான்.

ஆவடியில் ரயில் ஏறும் கூட்டம் அது, எப்போதும் நாலாவது பெட்டி. எட்மண்ட் ஏறியதும் ஒருத்தன் லாரி ஹாரன் மாதிரி வாயால் ஊதினான். ‘தண்ணி லாரி வருது, வழி உடுங்கடா’ என்றான். பெட்டி முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு எட்மண்ட் முகாமுக்கும் போகவில்லை, ஆவடியில் ரயிலும் ஏறவில்லை. அடுத்த ஸ்டேஷனான அண்ணனூர் வரை நடந்துபோய், கூட்டம் பிதுங்கி வரும் ரயிலில் வேறு ஏதாவது பெட்டியின் படியில் தொற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் ஞானசௌந்தரிக்கு இது எதுவும் தெரியாது. மகன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் பாய் நனைவது நின்றுவிட்டது. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்திருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாம் தடவையாக எழுந்து நின்று, கர்த்தர் செய்த அற்புதத்தைச் சாட்சி சொன்னாள்.

தீபாவளி கழிந்து சில நாளில், பட்டரவாக்கத்துக்கும் கொரட்டூருக்கும் நடுவில், எட்மண்ட் படியிலிருந்து விழுந்தான்.

அடக்கம் முடிந்து வீடு வந்ததும் அவள் புருஷன் ஜோசப்ராஜ் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை அவருக்கு. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். “ஊட்டு சங்கதிய ஊர் சங்கதி ஆக்குனியே, திருப்தியா?” என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு ரேஷனில்தான் கிடைத்தது. சோறு போடு, சாவி எங்கே, மழை வருது, துணியை எடு. அவர் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போகும்போது பிள்ளை தன்னை வெறுத்துக்கொண்டு போனானா இல்லையா. எட்டு வருஷமாக அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். யாரைக் கேட்பது? செங்கல்வராயன்தான் எட்மண்டுக்கு நெருங்கின சிநேகிதன். அண்ணனூருக்கு மாறிய பிறகும் அவன் மட்டும் சில நாள் கூட நடந்து போயிருக்கிறான். அவனும் படிப்பு முடிந்ததும் கோடம்பாக்கம் பக்கம் போனவன், சேக்காட்டுக்கு எப்போதாவதுதான் வந்தான். அவளைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அதனால், சினிமா பாவம் என்று பிறந்ததிலிருந்து கொட்டகை வாசலை மிதிக்காத ஞானசௌந்தரி, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அம்பத்தூருக்கு டிக்கெட் எடுத்தாள். பயந்துகொண்டேதான் உள்ளே நுழைந்தாள். பெண்கள் பக்கத்தில் கோயிலின் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் சுசீலா உட்கார்ந்திருந்தாள். அவள் இவளைப் பார்த்துச் சட்டென்று குனிந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள். இவளும் திரும்பிக்கொண்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டார்கள்.

படத்தில் நாலு பையன்கள். அதில் மூன்று பேர் ஒருத்தனுக்கொருத்தன் சளைத்தவர்களில்லை. ஒருத்தன் அப்பன் பையில் கை வைக்கிறவன், ஒருத்தன் வாயைத் திறந்தால் புளுகு. மூன்றாமவன் சிநேகிதனுக்காக உயிரைக் கொடுக்கிறேன் என்பான், கூட்டம் சிரித்தால் முதல் ஆளாகச் சிநேகிதனைக் காட்டிக்கொடுப்பான். ஹாரன் ஊதியது அந்த மூன்றாமவன்தான். அவனுடைய அம்மா, கெங்கம்மாளைப் போலவே, கம்பெனியில் பெருக்குகிறவள், வீடு ஏரிக்கரைப் பக்கம். செங்கல்வராயன் தன்னைத்தான் எழுதியிருக்கிறான் என்று ஞானசௌந்தரிக்குப் புரிந்தது. கொஞ்சம்கூடப் பூசி மெழுகவில்லை அவன். நாலாமவனுக்குப் பெயர்தான் வேறு. நெற்றியில் விழும் முடியும், ஒரு தோளைச் சாய்த்து நடக்கிற நடையும் எட்மண்டுடையவை.

ஜெபக்கூட்டம் வந்தது. நடிகை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். கையை ஏந்தினாள், குரலை நடுக்கிக்கொண்டு மகன் பெயரையும் வயதையும் சொன்னாள். கொட்டகை வெடித்துச் சிரித்தது. ஞானசௌந்தரிக்குப் பக்கத்திலிருந்த பெண்பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டு, “இன்னா பொம்பள பாரு, பெத்த புள்ள மானத்த மைக் போட்டு விக்கிறா” என்றாள். இவளிடம்தான் சொன்னாள். இவளும் தலையை ஆட்டினாள்.

அடுத்து வந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் ராத்திரி பூராவும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் சொக்கினால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான், தொடையைக் கிள்ளிக்கொண்டான். தூங்கினால்தானே நனையும்? காலையில் அம்மா வந்து பாயைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பையன் ரயில் படியில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தான், முழித்துக்கொண்டான், மறுபடி தூங்கினான்.

ஞானசௌந்தரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அற்புதம் என்று சாட்சி சொன்னாளே, அது இதுதான். பிள்ளை தூங்கவில்லை. இத்தனை நாளும் மழையில் படி வழுக்கித்தான் விழுந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று பார்த்தாள், மிச்சத்தையும் பார்க்காமல் போக மனம் வரவில்லை.

கடைசிக் காட்சி அண்ணனூர் ஸ்டேஷன். மூன்றாமவன் கேட்கிறான், உங்கம்மா மேல உனக்குக் கோபம் இல்லையாடா என்று. பையன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: “எங்கம்மா மேல எனக்கு இன்னாடா கோவம். அதுக்கு என்னைத் தவுர யாரு கீறாங்க? அதான் ஊரக் கூப்ட்டு அழுதுச்சு.” அப்புறம் ரயில் வந்தது. அதை அவள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள்.

விளக்குப் போட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அழுது அழுது மூக்கடைத்துப்போயிருந்தது, ஆனால் நெஞ்சில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்து கொடுத்திருந்தது. பிள்ளை அவளைப் புரிந்துகொண்டிருக்கிறான். என்ன இருந்தாலும் அவள் பிள்ளைதானே. பஸ்ஸில் வரும்போது அந்த வார்த்தையை உதட்டுக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்பதற்காகவே மறுபடி இரண்டு தடவை போய்விட்டு வந்தாள்.

மூன்றாவது தடவை போய்வந்த அன்று ஜோசப்ராஜின் தட்டில் சோறு போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

“ஏங்க, செங்கல்வராயன் படம் எடுத்திருக்கான். நம்ம பிள்ள கதைதான். நீங்க ஒருக்கா போய்ப் பாருங்க.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“என்னைத் தப்பாத்தான் காட்டியிருக்கான். உள்ளதத்தான் காட்டியிருக்கான். ஆனா எட்மண்டு கடைசில ஒரு வார்த்த சொல்றான். அதுக்காகப் பாருங்க.”

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு போய்விட்டார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், சட்டையைக் கழற்றாமல் சைக்கிளை வெளியே எடுத்தார். “சாயந்தரம் ஆவும்” என்றார். எங்கே என்று சொல்லவில்லை. அம்பத்தூர் பக்கம்தான் திரும்பினார் என்பதை அவள் தெருவில் நின்று பார்த்தாள்.

அன்றைக்குச் செங்கல்வராயன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று சாராள் சொல்லியிருந்தாள். ஞானசௌந்தரி ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு கெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். கெங்கம்மாள் இன்னும் கம்பெனியில்தான் பெருக்கிக்கொண்டிருந்தாள், அன்று அவளுக்கு டூட்டி. செங்கல்வராயன் தனியாக உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான். தாடி வைத்திருந்தான். இவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.

“குந்துங்க ஆன்ட்டி. சொல்லியனுப்பியிருந்தா நானே வந்துகினு இருப்பேனே.”

“படம் பாத்தேன்பா.”

அவன் முகம் வெளுத்தது. “திட்டணும்னா திட்டிடுங்க ஆன்ட்டி” என்றான்.

“எதுக்குத் திட்றேன். அந்தப் பொம்பள நான்தான். நீ ஒண்ணும் கூடச் சேக்கலையே.” முறுக்கு டப்பாவை அவன் கையில் கொடுத்தாள். “பிள்ள தூங்காம இருந்தது எனக்குத் தெரியாதுப்பா. பெத்தவ எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ரயில்ல நின்னுகினே தூங்குவான் ஆன்ட்டி. கேட்டேன். சொன்னான். உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும் நானு. சொல்லல.”

“போவுது. அது என் தலைவிதி. ஆனா கடைசில அவன் சொன்னதக் கொண்டுவந்து என்கிட்ட சேத்துட்டே பாரு, அது போதும். அந்த வார்த்தைக்காகவே நீ நல்லா இருப்ப.” சொல்லிக்கொண்டே அவன் தலையில் கை வைத்தாள், கண்ணை மூடினாள். எட்டு வருஷம் கழித்து அவள் வாய் திறந்து உரக்க ஜெபம் பண்ணியது அங்கேதான். “ஆண்டவரே, என் மகனுடைய வாயின் வார்த்தையை இந்தப் பிள்ளை மூலமா எனக்குக் கேக்கப் பண்ணினீரே, ஸ்தோத்திரம். என் மகன் என்னை மன்னிச்சான்னு—”

“ஆன்ட்டி, வாணாம்” என்றான் செங்கல்வராயன். அவள் கையைப் பிடித்துத் தலையிலிருந்து மெதுவாக இறக்கினான். “வாணாம் ஆன்ட்டி. அது நான் எழுதுனது.”

“எது?”

“அந்த வசனம். அவன் சொல்லல. அம்மாவ இப்டியே உட்டா பொம்பளைங்க படத்துக்கு வரமாட்டாங்கன்னு புரொடியூசர் சொன்னாரு. அதான் கடைசில சேத்தேன். நான் பண்ணதெல்லாம் உள்ளபடி எழுதிட்டேன் ஆன்ட்டி, ஹாரன் ஊதுனதுகூட. உங்க விசயத்துலதான் பொய் சொல்லிட்டேன்.”

ஞானசௌந்தரி அவன் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப அவன் இன்னாதான் சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல.”

“செங்கல்வராயா, மறைக்காதப்பா. எட்டு வருசமா இதுக்குத்தான் உசுரோட கீறேன்.”

அவன் டப்பாவின் மூடியைத் திறந்தான், மூடினான். “ஒரு தபா, அண்ணனூருக்கு நடந்து போம்போது சொன்னான். ‘எங்கம்மாகிட்ட சொன்னா உள்ளயே இருக்கும்னு நெனச்சேன்டா. இனிமே செத்தாலும் அதுகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்’னான். அவ்ளோதான் ஆன்ட்டி. அப்புறம் உங்களப் பத்தி அவன் பேசவேயில்ல.”

“சரிப்பா” என்றாள் அவள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், “முறுக்க நமுத்துப் போவ உட்டுடாத, இன்னிக்கே தின்னுடு” என்றாள்.

வீட்டுக்கு நடந்து வந்தாள். அழுகை வரவில்லை. இந்தப் பத்து நாளும் பிள்ளை மன்னித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு சோறு தின்றாளே, அதை நினைத்து வெட்கமாக இருந்தது. ஊரில் கொட்டகைக்குப் போகிற அத்தனை பேரும் கடைசிக் காட்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையன் அம்மாவை மன்னித்துவிட்டான் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். அவள் ஒருத்திக்குத்தான் அந்த நிம்மதி கிடையாது. நியாயம்தான் என்றும் அவளுக்குத் தோன்றியது. செத்தாலும் சொல்லமாட்டேன் என்றானே, சொன்னபடியே போய்விட்டான்.

ஜோசப்ராஜ் அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். விளக்குக்கூடப் போடாமல் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கைப் போட்டாள். அவர் முகம் முழுக்க ஈரமாக இருந்தது.

“சௌந்தரி, சாப்ட்டியா?”

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“வா, இப்டி உக்காரு.” அவள் உட்கார்ந்தாள். அவர் கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். “நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஒரே ஒரு வார்த்த உன்னக் கேட்டுட்டு, எட்டு வருசம் உன்னத் தனியா உட்டுட்டேன். அவனுக்கே உம்மேல கோவமில்ல. பதினாறு வயசுப் பையனுக்குப் புரிஞ்சிருக்கு. எனக்குப் புரியல பாரு.”

அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“அந்தப் பையன் ஊட்டுக்குப் போயிருந்தியா? சாராள் சொல்லிச்சு.”

“போயிருந்தேன்.”

“கேட்டியா? நெசமா எட்மண்டு சொன்னானா அப்டி? சினிமாவுக்காவ எழுதுனது இல்லியே?”

ஞானசௌந்தரி தன் வாழ்நாளில் ஒன்றை மறைத்தவள் இல்லை. அவளுக்கு அது வரவும் வராது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள்தான். எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். ஐம்பது வயதுக்குள் தலை பூராவும் வெளுத்துப்போன மனிதர், பிள்ளையைப் பற்றிய ஒரு நல்ல வார்த்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பிடுங்கிவிட்டு அவருக்குக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை.

“ஆமாங்க, அவன் சொன்னதுதான்” என்றாள். “அண்ணனூர் ஸ்டேசன்லதான் சொன்னானாம்.”

ஜோசப்ராஜ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அவள் எழுந்து போய்ச் சோற்றை எடுத்துவந்து இரண்டு தட்டில் போட்டாள். மத்தியானத்துச் சோறு ஆறிப்போயிருந்தது. அவர் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எட்மண்ட் போனதிலிருந்து அவர் வீட்டில் ஜெபம் பண்ணியதில்லை. இப்போது கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். ஆண்டவரே, என் மகன் தன் தாய்மேல் மனக்கசப்பில்லாமல் உம்மிடம் வந்து சேர்ந்தானே, அதற்காக ஸ்தோத்திரம் என்றார். சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

“ஆமென்” என்றாள் ஞானசௌந்தரி.